போர்முலா 1 அணிகளில் ஆள்மாற்றமும் பந்தய உத்தியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் கோடைகாலத்தில் நடைபெறும் போர்முலா 1 பந்தயங்கள் பெரும்பாலும் நமது நேரப்படி ஞாயிறு மாலை 6.30 மணிக்கு ஆரம்பமாகின்றன. யாழ்ப்பாணத்தில் அவற்றைப் பார்ப்பவர்கள் பந்தயம் முடிந்தபின் கேட்கும் கேள்விகளில் இரண்டு திரும்பத் திரும்ப வருகின்றன: அந்த நேரத்தில் ஏன் அப்படியொரு முடிவை எடுத்தார்கள், அந்த முடிவை எடுத்தவரை ஏன் இன்னமும் வைத்திருக்கிறார்கள் என்பனவே அவை. இரண்டையும் சேர்த்து விளக்கினால்தான் விடயம் தெளியும் என்பதால், அவற்றையும் அவற்றையொட்டி எழும் பிற கேள்விகளையும் இங்கே ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பந்தயத்தின் நடுவே, ரயர் மாற்றக் காரை நிறுத்தும் இடமான பிட்டுக்குச் சாரதியை அழைக்கும் முடிவை எடுப்பவர் யார்?

சாரதியின் காதில் ஒலிக்கும் குரல் அவருடைய பந்தயப் பொறியியலாளருடையது. ஆனால் அவர் பெரும்பாலும் செய்தியைக் கொண்டுசெல்பவரே. முடிவு உருவாகும் இடம் உத்திப் பிரிவு. அதன் தலைவரோ மூத்த பொறியியலாளர் ஒருவரோ ஓடுபாதையோரப் பிட் சுவரில் அமர்ந்திருப்பார். பந்தய இடத்துக்குக் கொண்டுவரக்கூடிய பணியாளர் தொகைக்கு விதி வரம்பிட்டிருப்பதால், அவருக்கு உதவும் மற்றவர்கள் சில வேளைகளில் பல ஆயிரம் கிலோமீற்றர் தொலைவிலிருக்கும் தொழிற்சாலையின் கட்டுப்பாட்டு அறையில் இருந்து கணிப்புகளை அனுப்புவார்கள். ரயர் தேய்மானத்தைக் கவனிப்பவர், எதிரணிகளின் வானொலி உரையாடலைக் கேட்பவர், மழை ராடரைப் பார்ப்பவர், விதிகளையும் பிட் குழுவையும் கவனிக்கும் விளையாட்டுப் பணிப்பாளர் ஆகிய எல்லோருடைய சொல்லும் சில வினாடிகளுக்குள் ஓரிடத்தில் வந்து சேர வேண்டும். அணித் தலைவர் வழமையாக இதில் தலையிடுவதில்லை. இரு சாரதிகளில் எவருக்கு முன்னுரிமை என்ற சிக்கல் எழும்போது மட்டும் இறுதிச் சொல் அவருடையதாகும்.

வடக்கின் பெருஞ்சமர் கிரிக்கெட் போட்டியில் ஆட்டத்தை இடைநிறுத்தும் முடிவு பிழைத்தால், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியோ சென். ஜோன்ஸ் கல்லூரியோ, எந்த அணித்தலைவர் அதை எடுத்தார் என்பது மைதானத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். போர்முலா 1 பந்தயத்தில் அப்படித் தெரிவதில்லை. வெளியே நமக்குத் தெரிவது ஒரு முகம் மாத்திரமே. முடிவு பிறந்த இடமும் அது தாமதித்த இடமும் தெரிவதில்லை. தனியொருவரைக் குற்றஞ்சாட்டும் பேச்சில் பெரும்பகுதி ஆதாரமற்றதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

உத்தி என்று சொல்லும்போது எதைத் தீர்மானிக்கிறார்கள்?

2010 முதல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவது தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே இன்றைய உத்தி பெரும்பாலும் ரயரைப் பற்றியது. உலர்ந்த ஓடுபாதையில் நடக்கும் பந்தயத்தில் குறைந்தது இரண்டு வகை ரயர்களைப் பாவிக்க வேண்டும் என்பது விதி. எனவே ஒரு முறையேனும் நிறுத்த வேண்டும். ரயர் மாற்றும் வேலை இரண்டு வினாடியளவில் முடிந்துவிடும். 2023இல் கட்டாரில் மக்லாரன் குழு 1.80 வினாடியில் அதைச் செய்து முடித்தது. ஆனால் வேகக் கட்டுப்பாடுள்ள பிட் பாதையை மெதுவாகக் கடந்து செல்வதால், பல ஓடுபாதைகளில் மொத்த இழப்பு 20 வினாடியை அண்மித்துவிடும்.

இந்த 20 வினாடியை எப்போது செலவிடுவது என்பதே உத்தியாளரின் வேலை. எதிரிக்கு ஒரு சுற்று முன்பாகவே நின்று, புது ரயரின் வேகத்தால் அவரை முந்துவது அண்டர்கட் எனப்படுகிறது. பழைய ரயரிலேயே தொடர்ந்து ஓடி முந்துவது ஓவர்கட். விபத்து போன்ற வேளைகளில் முன்னே சென்று மற்றக் கார்களை மெதுவாக நடத்திச்செல்லும் பாதுகாப்புக் கார் வந்து எல்லாக் கார்களும் வேகம் குறையும்போது, பிட்டில் நிற்பதன் இழப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அந்த வாய்ப்பு எப்போது வரும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், அணிகள் பந்தயத்துக்கு முன்பே மிகப் பெருந்தொகையான கணினி ஒப்புருவாக்கங்களை ஓட்டி, ஒவ்வொரு சுற்றிலும் பாதுகாப்புக் கார் வந்தால் என்ன செய்வது என்பதற்கு விடையை ஆயத்தமாக வைத்திருக்கின்றன.

2022இல் மொனாக்கோவில் பெராரிக்கு நேர்ந்தது என்ன?

அந்த ஆண்டின் ஆரம்பத்தில் பெராரியிடம் வெற்றிபெறத் தக்க கார் இருந்தது. மொனாக்கோவில் சார்ள்ஸ் லெக்லேர் முதலிடத்திலிருந்து புறப்பட்டார். மழையால் நனைந்திருந்த பாதை காயத் தொடங்கியபோது, ரெட் புல் அணி சேர்ஜியோ பெரெஸை முன்கூட்டியே அழைத்து, ஓரளவு ஈரமான பாதைக்குரிய இடைநிலை ரயருக்கு மாற்றியது. பெராரி இரண்டு சுற்றுக்குப் பின்னரே லெக்லேரை அழைத்தது. அதற்குள் பெரெஸ் முந்திவிட்டார். பின்னர் உலர் ரயருக்கு மாறும் நேரத்தில், பெராரியின் மற்றச் சாரதி கார்லோஸ் சைன்ஸ் பிட்டுக்குள் வந்த அதே சுற்றில் லெக்லேரையும் அழைத்தார்கள். உடனே மனம் மாறி, பிட்டுக்கு வராமல் தொடர்ந்து ஓடும்படி சொன்னார்கள். அந்தச் சொல் அவரை அடைந்தபோது அவர் பிட் பாதைக்குள் நுழைந்துவிட்டிருந்தார். சைன்ஸின் காருக்குப் பின்னால் காத்து நின்ற நேரத்தில் ரெட் புல்லின் மற்றச் சாரதி மக்ஸ் வெர்ஸ்டாப்பனும் முந்திச் சென்றார். பெரெஸ் வென்றார்; முதலிடத்தில் புறப்பட்ட லெக்லேர் நான்காவதாக முடித்தார்.

இங்கே கணக்குப் பிழை ஒன்று உண்டு, பேச்சுப் பிழை ஒன்றும் உண்டு. பெரெஸுக்குத் தாமதமாகப் பதிலளித்தது முதலாவது. அழைப்பும் மறுப்பும் சில வினாடி இடைவெளியில் வந்தது இரண்டாவது. நமது கருத்தில் இரண்டாவதே பாரதூரமானது. ஏனெனில் அது ஒரு பந்தயத்தோடு முடியும் தவறன்று, அணிக்குள் முடிவு பயணம் செய்யும் வழியில் இருந்த அடைப்பின் அடையாளம்.

அதன் பின்னர் பெராரியில் யார் மாற்றப்பட்டார்கள்? பலன் கிடைத்ததா?

பருவத்தின் நடுவில் எவரும் மாற்றப்படவில்லை. அணித் தலைவர் மத்தியா பினோட்டோ தமது உத்திக் குழுவைப் பகிரங்கமாகக் காத்து நின்றார். 2022 நவம்பர் இறுதியில் அவரே பதவி விலகுவதாக அறிவிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் பிரெடெரிக் வாசர் தலைமையை ஏற்றார். சிறிது காலத்தில் உத்திப் பிரிவின் பொறுப்பு இனாக்கி ருவேடாவிடமிருந்து, அதே பிரிவில் ஏற்கெனவே பணியாற்றிவந்த ரவின் ஜெய்னிடம் கையளிக்கப்பட்டது. வெளியிலிருந்து ஒரு நட்சத்திரத்தை விலைகொடுத்து வாங்காமல், உள்ளே இருந்தவரை உயர்த்தினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

2023இல் நடந்த 22 பந்தயங்களில் ரெட் புல் வெல்லாத ஒரேயொரு பந்தயம் சிங்கப்பூர். அதை சைன்ஸ் பெராரியில் வென்றார். தமக்குப் பின்னால் வந்த மக்லாரன் சாரதி லான்டோ நொரிஸைத் திட்டமிட்டே அருகில் வைத்திருந்து, முன்னாலுள்ள காரை நெருங்கி ஓடுபவருக்கு அப்போது அனுமதிக்கப்பட்டிருந்த கூடுதல் வேகம் நொரிஸுக்குக் கிடைக்கச் செய்து, பின்னால் விரைந்து வந்த மேர்சிடஸ் கார்களிலிருந்து தம்மைக் காத்துக்கொண்டார். 2024இல் பெராரி ஐந்து பந்தயங்களை வென்று, அணிகளுக்கான சம்பியன் பட்டத்தை 14 புள்ளிகளால் மாத்திரம் தவறவிட்டது. இத்தாலியின் மொன்ஸாவில் மக்லாரன் கார்கள் இருமுறை நிற்க, லெக்லேர் ஒரேயொரு முறை நின்று வென்றது அந்த ஆண்டின் மிகச் சிறந்த உத்தி முடிவுகளில் ஒன்று. கார் திருந்தியதற்கும் இதில் பங்குண்டு. எல்லாவற்றையும் ஆள்மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

பிழை விட்டவரை நீக்கிவிட்டால் அணி திருந்திவிடாதா?

இதற்கு நேரெதிரான இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 2010 அபுதாபி. பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்கு பெராரியின் பெர்னாண்டோ அலொன்சோ 246 புள்ளிகளுடனும், ரெட் புல்லின் சாரதிகளான மார்க் வெபர் 238 புள்ளிகளுடனும், செபஸ்டியன் வெட்டல் 231 புள்ளிகளுடனும் வந்தார்கள். வெட்டல் வென்றாலும் அலொன்சோ நான்காவதாக முடித்தால் பட்டம் அவருக்கே. அவர் நான்காவது இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார். வெபர் முன்கூட்டிப் பிட்டுக்குச் சென்றதும், அவர் அண்டர்கட் செய்துவிடுவார் என்ற அச்சத்தில் பெராரி அலொன்சோவையும் அழைத்தது. வெளியே வந்த அவர், முதற் சுற்றில் பாதுகாப்புக் கார் வந்தபோதே ரயர் மாற்றி முடித்திருந்த ரெனோ அணிச் சாரதி விற்றாலி பெட்ரோவின் பின்னால் மாட்டிக்கொண்டார். கடைசிவரை முந்த முடியவில்லை. ஏழாவதாக முடித்து 252 புள்ளிகள் பெற்றார். 256 புள்ளிகளுடன் வெட்டல் சம்பியனானார். அடுத்த ஆண்டு ஜனவரியில் பந்தயப் பொறியியல் பிரிவின் பொறுப்பிலிருந்து கிறிஸ் டயர் அகற்றப்பட்டு, பாட் பிரை நியமிக்கப்பட்டார். 2011இல் பெராரி ஒரேயொரு பந்தயத்தையே வென்றது. கிறிஸ் டயர் நீக்கப்பட்டதால் கார் மெதுவாகிவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது; ஆனால் அவரை நீக்கியதால் எது திருந்தியது என்ற கேள்விக்கும் விடை இல்லை. வெபரைப் பார்த்துக்கொண்டிருந்து வெட்டலை மறந்தது ஒரு தனிமனிதரின் கண் மட்டும் செய்த தவறா? அந்தப் பிட் சுவரில் இருந்த எல்லோரும் அன்று அதே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, 2018 ஒஸ்திரியா. மேர்சிடஸின் லூயிஸ் ஹமில்டன் முன்னணியில் இருந்தபோது, அவருடைய சக சாரதி வால்டரி பொட்டாஸின் கார் பழுதடைந்து நின்றதால் மெய்நிகர் பாதுகாப்புக் கார் அறிவிக்கப்பட்டது; அதாவது பாதுகாப்புக் கார் ஓடுபாதைக்கு வராமலே எல்லோரும் வேகத்தைக் குறைக்க வேண்டும். எதிரணிகள் உடனே பிட்டுக்குள் வந்தன. மேர்சிடஸ் ஹமில்டனை அழைக்கவில்லை. முன்னணி பறிபோனது. உத்திப் பிரிவின் தலைவர் ஜேம்ஸ் வௌல்ஸ் தாமே வானொலியில் ஹமில்டனுடன் பேசி, பிழை தம்முடையது என்று பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே ஏற்றுக்கொண்டார். அவரை மேர்சிடஸ் நீக்கவில்லை. அவ்வாண்டு சாரதிகளுக்கும் அணிகளுக்குமான இரண்டு பட்டங்களையும் அந்த அணியே வென்றது. வௌல்ஸ் 2023இல் வில்லியம்ஸ் அணியின் தலைவராகச் சென்றார்.

பிழையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று அஞ்சும் இடத்தில், அடுத்த முறை எவரும் துணிந்து அழைக்க மாட்டார்கள்; எதிரணி செய்வதைப் பார்த்து அதையே செய்வார்கள். 2010இல் பெராரி விழுந்த குழியும் அதுவே: வெபர் நின்றார், ஆகவே அலொன்சோவும் நின்றார். எனவே ஆளை மாற்றுவதற்கு முன், அந்த ஆள் எந்தத் தகவலை வைத்து, எவ்வளவு நேரத்துக்குள், எவருடைய அனுமதியுடன் முடிவெடுத்தார் என்பதை ஆராயும் அணியே முன்னேறும் என்று உறுதியாகக் கருதுகிறோம்.

தவறான முடிவையும் துரதிர்ஷ்டத்தையும் எப்படிப் பிரித்தறிவது?

முடிவெடுத்த கணத்தில் அவர்களுக்குக் கிடைத்திருந்த தகவலை மாத்திரம் வைத்து மதிப்பிட வேண்டும். 2022 ஹங்கேரியில் பெராரி லெக்லேருக்குக் கடின ரயரைப் பூட்டியது. குளிர்ந்த பாதையில் அந்த ரயர் சூடேறவில்லை என்பதை, அதற்கு முன்பே அதைப் பாவித்துத் தடுமாறிய அல்பின் கார்கள் எல்லோர் கண்ணெதிரிலும் காட்டிவிட்டிருந்தன. ரெட் புல் அணியோ, கடின ரயரில் புறப்படும் திட்டத்தைப் பந்தயம் ஆரம்பிக்கும் முன்னரே கைவிட்டு மென் ரயருக்கு மாறியது. பத்தாவது இடத்திலிருந்து புறப்பட்ட வெர்ஸ்டாப்பன் வென்றார், லெக்லேர் ஆறாவது. பெராரியின் அந்த முடிவு தவறானதே, துரதிர்ஷ்டம் அன்று. ரெட் புல்லின் அந்த வெற்றியில் பெரும்பங்கு உத்திப் பொறியியலாளர் ஹனா ஷ்மிட்ஸுக்கு உரியது.

2025 கட்டார் பந்தயம் இன்னும் நுட்பமானது. ஒரு தொகுதி ரயரில் 25 சுற்றுகளுக்கு மேல் ஓடக்கூடாது என்று அங்கே விதிக்கப்பட்டிருந்தது. பந்தயம் 57 சுற்றுகள். ஏழாவது சுற்றில் பாதுகாப்புக் கார் வந்தது. மிச்சம் 50 சுற்றுகள். அதாவது இரண்டு தொகுதி ரயருக்குச் சரியாகப் பொருந்தும் கணக்கு. ஏறத்தாழ எல்லா அணிகளும் நின்றன. முன்னணியிலிருந்த மக்லாரன் தனது இரு கார்களையும் வெளியே விட்டது. வெர்ஸ்டாப்பன் வெல்ல, ஒஸ்கார் பியாஸ்ட்ரி இரண்டாவதாகவும் நொரிஸ் நான்காவதாகவும் வந்தார்கள். அணித் தலைவர் அன்ட்ரியா ஸ்டெல்லா அதைத் தவறென்று ஒப்புக்கொண்டார். அடுத்த கிழமை அபுதாபியில் அதே குழுவே மீண்டும் பிட் சுவரில் அமர்ந்தது. நொரிஸ் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் உலக சம்பியனானார்.

தகவல் சரியாக இருந்தும் கருவி கைவிட்ட சம்பவமும் உண்டு. 2020 சாகிர் பந்தயத்தில் மேர்சிடஸின் வானொலிக் கோளாறினால் பொட்டாஸுக்குரிய ரயர்கள் ஜோர்ஜ் ரசலின் காரில் பூட்டப்பட்டன. அணிக்கு 20,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது.

சாரதி உத்தியை மறுக்கலாமா?

மறுக்கலாம், சில வேளைகளில் அவர் சொல்வதே சரியாகும். 2022 மொனாக்கோவில் இடைநிலை ரயருக்கு மாறாமல் நேரே உலர் ரயருக்கு மாற வேண்டும் என்று சைன்ஸ் வற்புறுத்தினார்; இரண்டாவதாக முடித்தார். பாதையின் ஈரத்தை மற்ற எவரையும் விட நன்றாக உணர்பவர் சாரதி. ஆனால் பத்துக் கார்களுக்கு அப்பால் யார் என்ன செய்கிறார் என்பது அவருக்குத் தெரியாது.

உத்தி வென்றும் பந்தயம் கைவிட்டுப் போவதுண்டா?

உண்டு. 2024இல் பெல்ஜியத்தில் ரசல் ஒரேயொரு முறை நின்று முதலாவதாக முடித்தார். பின்னர் அவருடைய கார் குறைந்தபட்ச எடையிலும் 1.5 கிலோகிராம் குறைவாக இருந்ததால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். ஒரே தொகுதி ரயரில் நீண்ட தூரம் ஓடினால் இறப்பர் தேய்ந்து எடையும் குறையும்.

ஒரே ஆட்கள் அணிக்கு அணி மாறிக்கொண்டே இருப்பது ஏன்?

முதற் காரணம் புவியியல். மேர்சிடஸின் பிராக்லி, ரெட் புல்லின் மில்ற்றன் கீன்ஸ், அஸ்ற்றன் மார்ட்டினின் சில்வர்ஸ்டோன், வில்லியம்ஸின் குரோவ், அல்பினின் என்ஸ்டோன், மக்லாரனின் வோக்கிங் ஆகிய யாவும் இங்கிலாந்தின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் அமைந்துள்ளன. பெரும்பாலான மாற்றங்களுக்குப் பொறியியலாளர் வீட்டையோ பிள்ளைகளின் பாடசாலையையோ மாற்ற வேண்டியதில்லை. இத்தாலியின் மரனெல்லோவிலுள்ள பெராரிக்குச் செல்வதென்றால் குடும்பத்தோடு நாடு மாற வேண்டும். அதனால் அந்த அணிக்கு வெளியிலிருந்து ஆள் சேர்ப்பது எப்போதும் கடினம்.

இரண்டாவது, செலவு வரம்பு. 2021இல் 14.5 கோடி டொலர் என்ற அடிப்படையில் இது நடைமுறைக்கு வந்தது. சாரதிகளினதும் அதிக சம்பளம் பெறும் மூவரினதும் கொடுப்பனவுகள் அதற்குள் அடங்கா. நான்காமவராக நிற்கும் திறமைசாலிக்கு இன்னோர் அணி உயர்ந்த பதவியைக் கொடுத்து அழைத்துக்கொள்ள இது வழி திறக்கிறது.

ஆனால் அறிவிப்புக்கும் பலனுக்கும் இடையிலுள்ள கால இடைவெளியை நம்மில் பலர் கவனிப்பதில்லை. விலகுபவர் பழைய அணியின் இரகசியங்களை உடனே கொண்டுசெல்லாதிருக்க, சம்பளத்துடன் பல மாதங்கள் வீட்டில் இருத்தப்படுவார். கார் வடிவமைப்பாளர் ஏட்றியன் நியூவி ரெட் புல்லை விட்டு விலகுவது 2024 மே 1 அன்று அறிவிக்கப்பட்டது. அஸ்ற்றன் மார்ட்டினில் அவர் வேலை தொடங்கியது 2025 மார்ச்சில். அவருடைய கை முழுமையாகப் பட்ட கார் 2026க்குரியது. ரெட் புல்லின் உத்திப் பிரிவின் தலைவர் வில் கோர்ட்னி மக்லாரனுக்குச் செல்வது 2024 செப்டெம்பரில் வெளியானது. அவர் அங்கு வேலை தொடங்க ஓராண்டுக்கு மேலாயிற்று. எதிர்மாறான உதாரணமும் உண்டு: பெராரியிலிருந்து வந்த பொறியியலாளர் டேவிட் சன்செஸ் 2024 ஜனவரியில் மக்லாரனில் சேர்ந்து, பொறுப்புகள் பேசியபடி அமையவில்லை என்பதால் மூன்று மாதத்தில் விலகினார். மக்லாரன் அவ்வாண்டே, 1998க்குப் பின் முதற்தடவையாக, அணிகளுக்கான பட்டத்தை வென்றது.

தலைவரையே மாற்றிய ரெட் புல் அணிக்கு அது நன்மை தந்ததா?

கிறிஸ்ரியன் ஹோர்னர் 2025 ஜூலையில் நீக்கப்பட்டு லோறன் மெக்கீஸ் பொறுப்பேற்றார். மொன்ஸாவில் தொடங்கி வெர்ஸ்டாப்பன் அப்பருவத்தில் மேலும் ஆறு பந்தயங்களை வென்றார். மொன்ஸாவுக்குக் கொண்டுவரப்பட்ட, காரின் புதிய அடித்தட்டு உட்பட அந்த முன்னேற்றத்தின் பல பகுதிகள் முன்பே வரையப்பட்டவை. பொறியியலாளராக வளர்ந்த மெக்கீஸ், சாரதியின் உணர்வுக்குக் கூடுதல் செவிகொடுத்தார் என்பதை மறுப்பதற்கில்லை. இரண்டையும் பிரித்து அளந்து சொல்ல எவராலும் இயலாது.

யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் இத்துறையில் நுழைய முடியுமா?

வடக்கில் பந்தய ஓடுபாதை இல்லை. தியத்தலாவ, நுவரெலியா ஆகிய இடங்களில் நடக்கும் போட்டிகளே நாட்டில் பெயர்பெற்றவை. எனினும் உத்தியாளராவதற்குக் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் நிரலாக்கமும் கைவந்திருக்க வேண்டும். உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் படித்து, திருநெல்வேலியிலுள்ள விஞ்ஞான பீடத்திலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்திலோ பட்டம் பெறும் ஒருவருக்கு அந்த அடித்தளம் கிடைத்துவிடும். பல்கலைக்கழக மாணவர்கள் தாமே கார் அமைத்துப் போட்டியிடும் போர்முலா ஸ்ரூடன்ட் சில்வர்ஸ்டோனில் நடைபெறுகிறது. அதையொத்த போர்முலா பாரத் கோயம்புத்தூரில் கரி என்ற பெயர்கொண்ட ஓடுபாதையில் நடக்கிறது. அணிகள் ஆள் எடுக்கும்போது இத்தகைய அனுபவத்தைப் பெரிதும் மதிக்கின்றன. வேலைகள் பெரும்பாலும் பிரித்தானியாவிலும் இத்தாலியிலும் இருப்பதால் வேலை அனுமதி பெறுவது உண்மையான தடை. அதை மறைக்க வேண்டியதில்லை.

பயிற்சிக்கு அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. பாஸ்ட் எப்1 என்ற இலவசப் பைதன் நிரலகத்தின் மூலம் 2018 முதலான பந்தயங்களின் சுற்று நேரங்களையும் ரயர் விபரங்களையும் வீட்டிலிருந்தே பெறலாம். 2024 மொன்ஸா பந்தயத்தை எடுத்து, 15ஆவது சுற்றில் ரயர் மாற்றிய லெக்லேரின் கடைசி 38 சுற்றுகளையும், இரண்டாவது முறை நின்றபின் பியாஸ்ட்ரி ஓடிய சுற்றுகளையும் ஒரே வரைபில் இடுங்கள். பியாஸ்ட்ரி சுற்றுக்கு எவ்வளவு நேரம் மீட்டார் என்பதைக் கணித்து, பந்தயம் இன்னும் எத்தனை சுற்று நீண்டிருந்தால் பெராரியின் முடிவு பிழைத்திருக்கும் என்று கண்டுபிடியுங்கள்.